நாலாவது மாடியில் ஈர்ப்பு விசை

"மறுபடியும் குறைஞ்சிருக்கேங்க!" என்றாள் அம்மா, எடை மெஷின் மேல் நின்றபடி.

அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"குறையத்தானே செய்யும்? நாம இப்ப இருக்கறது நாலாவது மாடி. பூமியோட மையத்தை விட்டுத் தள்ளிப் போகப் போக ஈர்ப்பு விசை குறையும். ஈர்ப்பு குறைஞ்சா எடையும் குறையும்."

"போன வாரம் நிலா இழுக்குதுன்னீங்க?"

"அது போன வாரம்."

"அப்ப நான் இளைக்கலையா?"

"எடை வேற, நிறை வேற. நிறைங்கறது உன் உடம்புல இருக்கற பொருளோட அளவு. நீ நிலாவுக்கே போனாலும் அது மாறாது. எடைங்கறது பூமி உன்னை எவ்வளவு பலமா இழுக்குதுங்கற கணக்கு. இங்க கொஞ்சம் மெதுவா இழுக்குது. அவ்வளவுதான்."

"அதானே பார்த்தேன்," என்று அம்மா இறங்கி, சூப் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

சாப்பாட்டு மேஜையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த மகளுக்குச் சிவப்புப் பேனா அப்படியே நின்றுவிட்டது.

அவள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை. அப்பாவும் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்தான். வகுப்பில் எடையைக் கிலோகிராமில் எழுதினாள் என்று சொந்த மகளுக்கே மார்க் குறைத்த மனுஷன். எடை ஒரு விசை, அதை நியூட்டனில்தான் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கு வந்தும் திட்டினார்.

அவரா இப்படிப் பேசுகிறார்?

பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவரைப் போய்ப் பிடித்தாள்.

"அப்பா, நாலு மாடி ஏறினா ஒரு சிட்டிகை உப்பு அளவுகூடக் குறையாது. அம்மா கிலோ கணக்குல குறைஞ்சிருக்கா. விவரம் தெரியாதவங்ககிட்ட இப்படியா வாய்க்கு வந்ததைச் சொல்றது? என் வகுப்புல ஒருத்தன் இதை எழுதினா முட்டைதான் போடுவேன்."

"போடு. நானும் அதைத்தான் போடுவேன்."

"அப்புறம் ஏம்ப்பா?"

அவர் ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டார்.

"உடம்பு தேறினாத்தான் ஆபரேஷன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆஸ்பத்திரி மெஷின்ல நிஜ எடை என்னன்னு அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிஞ்சாப் போதும். நிஜமாவே இளைக்கறோம்னு உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா மனசு விட்டுடுவா. அப்புறம் அந்த அரைக் கிண்ணம் சூப்பும் உள்ள போகாது."

மகள் வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்து நீட்டினாள்.

"முந்தின வாரம் பூமி சுத்தறதைச் சொன்னேன். போன வாரம் நிலா. இந்த வாரம் மாடி. எதையாவது சொல்லிக்கிட்டு இருக்கேன். நீ போய் உன் தாளைத் திருத்து."

அவள் திருத்தப் போகவில்லை. அம்மாவின் அறைக்குப் போனாள்.

அம்மா ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை இறுக மூடிக்கொண்டு சூப்பை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, அப்பாவைத் திட்டினியா? இங்க வரைக்கும் சத்தம் கேட்டுச்சு."

"இல்லம்மா. ஒரு சந்தேகம் கேட்டேன்." மகள் தலையணையைச் சரிசெய்தாள். "அப்பா சொன்னது சரிதான். மாடியில ஈர்ப்பு கம்மிதான்."

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நீயும் ஆரம்பிச்சிட்டியா? நாலாவது மாடிக்கே இவ்வளவு குறைஞ்சா, பத்தாவது மாடிக்காரங்க எல்லாம் ஜன்னல் வழியாப் பறந்துல்ல போயிருப்பாங்க?"

மகள் திகைத்துப்போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அப்ப... நீ நம்பலையா?"

"என் ரவிக்கை எல்லாம் தொளதொளன்னு ஆனது எனக்குத் தெரியாதா? நான் நம்பிட்டேன்னு நினைச்சுக்கிட்டுத்தான் அந்த மனுஷன் சாப்பிடறார், தூங்கறார். நம்பாத மாதிரி மூஞ்சியைக் காட்டினா, ரெண்டு பேருக்கும் சேர்த்து நீ வைத்தியம் பார்க்கணும்."

பால்கனிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு பண்ணு. அடுத்த வாரம் நான் மெஷின்ல ஏறும்போது, பின்னாடி வந்து நின்னு கால் கட்டைவிரலால லேசா ஒரு அழுத்து அழுத்து. பாவம், சொல்றதுக்கு அவருக்கும் சாக்கு தீர்ந்துபோச்சு."