தலையாட்டி

"இனிமேல் இந்தப் படியில கால் வைக்காதீங்க!"

பெரியவர் மாரெக்கின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள் மாகிரட். நல்ல மழை வேறு. நனையட்டுமே!

மவுண்ட் ஆல்பர்ட்டில் தனியாக இருக்கும் மூதாட்டி இரேனாவைப் பராமரிப்பதுதான் மாகிரட்டின் வேலை. இரேனாவும் மாரெக்கும் போலந்துக்காரர்கள். வியாழக்கிழமை தவறாமல் அவர் வருவார், இருவரும் சீட்டு விளையாடுவார்கள்.

எல்லாம் தேவாலயத்தில், ஞாயிறு பூசையில்தான் கெட்டது. சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில், ஒரு போலந்துக்காரி மாரெக்கின் கையைத் தொடவே மறுத்துவிட்டாள். பிறகு மாகிரட்டின் காதைக் கடித்தாள்.

"போலந்தில் கம்யூனிஸ்ட் அரசாங்கம் ராணுவச் சட்டம் போட்டிருந்த காலத்தில் இவன் போலீசின் உளவாளி. இரேனா வீட்டைத்தான் வேவு பார்த்தான். உளவாளிகள் பட்டியலில் பேர் இருக்கு."

மன்னாரில் மாகிரட்டின் அண்ணனை இப்படித்தான் ஒரு தலையாட்டி காட்டிக்கொடுத்தான். சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு, ஆமிக்காரன் பக்கத்தில் நின்று, ஒரே ஒரு தடவை தலையை ஆட்டினான். அண்ணன் திரும்பி வரவேயில்லை.

"உமக்கேனப்பா இந்த வில்லங்கம்?" என்று அன்றிரவு வீட்டில் கணவன் யூட் கேட்டுப் பார்த்தான்.

"நீங்க சும்மா இருங்கோ. அந்தப் பாவிக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்த கையப்பா இது!"

இப்போது கதவு சாத்திய சத்தம் கேட்டு இரேனா மெல்ல நடந்து வந்தாள்.

"யார் வந்தது?"

"மாரெக். துரத்திவிட்டேன். அந்த ஆள் உங்களை வேவு பார்த்தவர், தெரியுமா?"

"தெரியுமே."

"தெரிந்துமா சீட்டு விளையாடுறீங்க?"

இரேனா அலமாரியிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்தாள்.

"ஆட்சி மாறிப் பல வருஷம் கழித்து, கேட்டு வாங்கின போலீஸ் ஃபைல் இது. என்னைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்தது. கேள்."

போலந்து மொழியில் இருந்ததை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வாசித்தாள்.

"செவ்வாய். இரேனா துணி துவைத்தாள். யாரும் வரவில்லை. புதன். துணி துவைத்தாள். யாரும் வரவில்லை. இப்படியே பதினான்கு மாதம்."

"அதுக்கென்ன?"

"அந்த வீட்டில் நான் ஒருநாள்கூடத் துணி துவைத்ததில்லை மாகிரட். குளியல் தொட்டி நிறைய தடை செய்த துண்டுப் பிரசுரம். அச்சடிக்க வந்து போனவர்கள் எட்டுப் பேர். எதிர் ஜன்னலில் உட்கார்ந்து, அந்த எட்டுப் பேரையும் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் அவர் தினமும் இதை எழுதினார்."