தோள்பட்டை கொஞ்சம் இறுக்கம்

“தோள்பட்டைல புடிக்கும் பாரு. கையை நல்லா நீட்டிப் பாரும்மா. பொய் சொல்லி விக்கிற பழக்கம் எனக்கு இல்ல” என்றாள் சந்திரலேகா.

கண்ணாடி முன்னால் நின்ற கார்முகில், பைக் ஹேண்டிலைப் பிடிப்பது போல இரண்டு கைகளையும் நீட்டினாள். “புடிக்கலையேக்கா. அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு.”

சந்திரலேகா அவளைச் சுற்றி வந்து, வேறு எங்காவது குறை தெரிகிறதா என்று பார்த்தாள்.

லடாக் போகலாம் என்று கூட வேலை பார்க்கும் இரண்டு பேரோடு சேர்ந்து ஆசையாக வாங்கிய, கறுப்பில் கையோரம் சிவப்புக் கோடு போட்ட ரைடிங் ஜாக்கெட் அது. ஒருத்தியை மாஹேவுக்கு மாற்றிவிட்டார்கள். இன்னொருத்திக்கு முட்டி போய்விட்டது. வீட்டுக்காரர் மஸ்கட்டில், பையன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில். ‘பெண்கள் ரைடிங் ஜாக்கெட், அதிகம் போடாதது. காரைக்கால் கோவில்பத்து வந்து போட்டுப் பார்க்கலாம்’ என்று நெட்டில் போட்டபோது நிஜமாகவே விற்கத்தான் நினைத்தாள்.

முதலில் வந்த சுரக்குடிப் பெண்ணுக்கு அளவு சேரவில்லை. ஆனால் உட்கார்ந்து பேசிவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். அவள் போன பிறகு வீடு எப்படி இருந்தது என்பது சந்திரலேகாவுக்குத்தான் தெரியும். அதிலிருந்து ஞாயிறானால் யாராவது வருவார்கள். அவளும் ஏதாவது குறை சொல்லி, காபி கொடுத்து, விற்காமலே அனுப்பிவிடுவாள். ஜாக்கெட் போய்விட்டால் அப்புறம் யார் காலிங் பெல்லை அழுத்துவார்கள்?

இன்றைக்கு வந்தவளுக்கோ எல்லாம் கச்சிதமாக இருந்து தொலைத்தது.

“இடுப்புல தொளதொளன்னு இருக்குமே?”

“அதுக்குத்தான் பட்டை இருக்கேக்கா.” குனிந்துகூடப் பார்க்காமல் பக்கவாட்டுப் பட்டையை இழுத்து ஒட்டினாள் கார்முகில்.

“நம்ம ஊரு புழுக்கத்துக்கு இட்லிப் பானைக்குள்ள உக்காந்த மாதிரி வேகும்மா.”

“வண்டி ஓடுனா காத்து வந்துரும்க்கா. உள்ள ஒரு காட்டன் பனியன் போதும்.”

இதற்கு மேல் என்ன குறை சொல்வது? சந்திரலேகா காபி போடப் போனாள்.

கார்முகிலுக்கு சேலம். நாகப்பட்டினத்தில் வேலை, ஹாஸ்டலில் அறை. “எப்படியும் பெட்ரோல் போட காரைக்கால் வரணும்க்கா, இங்கதான் வெல கம்மி. அப்படியே உங்களையும்… ஜாக்கெட்டையும் பாத்துட்டுப் போலாம்னு” என்றாள்.

“ரொம்ப தூரமெல்லாம் ஓட்டுவியா?”

“போன மாசம் கொடைக்கானல். தனியாத்தான்.”

“ஜாக்கெட் இல்லாமலா?”

கார்முகில் காபியை ஊதி ஊதிக் குடித்தாள். “ஜாக்கெட்ட விடுங்கக்கா. உள்ள போடுறதுதான் பெரிய ரோதனை. கம்பி வச்சதப் போட்டுட்டுக் கெளம்பிட்டேன். திண்டுக்கல் தாண்டுறதுக்குள்ள உசுரு போச்சு.”

சந்திரலேகா சிரித்துவிட்டாள். “ஆம்பளைங்க உடம்ப வச்சு அளவெடுத்தா எல்லாமே அப்படித்தான். மார்ல மூச்சு முட்டும், இடுப்புல ஒரு குடும்பமே குடியிருக்கலாம்.”

“மழைக்குன்னு முழு உடம்புக்கும் ஒரே பீஸா ஒண்ணு வாங்கினேன் பாருங்க. ஒண்ணுக்கு வந்தா கழுத்துலேர்ந்து அவுக்கணும். பெட்ரோல் பங்க் பாத்ரூம்ல கொக்கி வேற கெடையாது. கழுத்துல மாலையாட்டம் போட்டுக்கிட்டு நின்னேன்.”

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்த ஹாலில் இரண்டு குரல் சேர்ந்து கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது.

டம்ளரை நீட்டிய கார்முகிலின் கையைப் பார்த்தாள் சந்திரலேகா. மணிக்கட்டு வரைக்கும் நல்ல நிறம். அதற்குக் கீழே மட்டும் கன்னங்கரேல்.

“என்னடி இது, கை மட்டும் கருகிப்போய்க் கெடக்கு?”

“க்ளவ்ஸ் இல்லக்கா” என்று சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். “ஜாக்கெட்ட இன்னொரு வாட்டி போட்டுப் பாக்கவா?”

ஏற்கெனவே மூன்று முறை போட்டுப் பார்த்தாயிற்று. எடுத்துக்கொள்ளத்தான் போகிறாள். சந்திரலேகா மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

“வேணாம்மா. உனக்குத் தோள்பட்டை இறுக்குது. எனக்குக் கண்ணு தெரியாதா? தெரிஞ்சே இத உன் தலைல கட்ட மாட்டேன்.”

அவள் முகம் வாடும் என்று பயந்தாள். கார்முகிலோ உடனே தலையாட்டினாள். “ஆமாக்கா. இப்ப எனக்கும் லேசா புடிக்கிற மாதிரிதான் தோணுது.”

நல்ல பிள்ளை, நம் மனசு நோகக் கூடாது என்று சொல்கிறது. இதைப் போய் வெறுங்கையோடு அனுப்புகிறோமே என்று சந்திரலேகாவுக்கு உறுத்தியது. செருப்பு மாட்டியும் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பேசிவிட்டுத்தான் கார்முகில் வண்டியை எடுத்தாள்.

வீடு மறுபடியும் அடங்கிவிட்டது. ஃபேன் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. துணி எடுக்கும் சாக்கில் மாடிக்கு ஏறினாள் சந்திரலேகா.

தெருமுனையில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக அந்த பைக் நின்றிருந்தது. கார்முகில் பின்சீட்டில் கட்டியிருந்த பையைத் திறந்தாள். உள்ளிருந்து, போட்டுப் போட்டு நைந்த ஒரு ஜாக்கெட்டை எடுத்தாள். அதே கறுப்பு. கையில் அதே சிவப்புக் கோடு. போட்டு, ஜிப்பை ஏற்றி, குனிந்துகூடப் பார்க்காமல் பக்கவாட்டுப் பட்டையை இழுத்து ஒட்டினாள். பிறகு போனை எடுத்து என்னவோ தட்டிவிட்டு, வண்டியைக் கிளப்பிப் போய்விட்டாள்.

சந்திரலேகாவின் போன் அதிர்ந்தது.

‘அக்கா, உங்ககிட்ட க்ளவ்ஸ் எதும் விக்கிறதுக்கு இருக்கா? அடுத்த ஞாயிறு வந்து போட்டுப் பாக்கவா?’

‘இருக்கு, வாம்மா’ என்று பதில் அனுப்பிவிட்டு, கொடித் துணியைக்கூட எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்து ஒரு ஜோடி க்ளவ்ஸுக்கு ஆர்டர் போட்டாள் சந்திரலேகா. சீக்கிரம் வந்து சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அதைக் கசக்கிப் பழசாக்க வேண்டுமே!