கோட்டையைக் காலி செய்த போர்வை

"ஏழு கப்பற்படை வந்து மோதியும் அசையாத கோட்டைங்க இது! இதை ஒத்தை ஆளா, ஒரே ஒரு போர்வையை வெச்சு, பத்தே நிமிஷத்துல காலி பண்ணவன் நான்!"

சமையல்காரர் இப்படி முழங்கியதும், பீரங்கி மேடையில் நின்ற பார்வையாளர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அருங்காட்சியகத்தின் பெண் காப்பாட்சியர் மட்டும் சிரிக்கவில்லை.

ஆயுசு முழுக்கக் கப்பல்களில் கரண்டி பிடித்து ஓய்வு பெற்றவர் அந்தச் சமையல்காரர். இந்தக் கடலோரக் கோட்டைக்குள் இருந்த கப்பல் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி வேலைக்கு மனுப் போட்டிருந்தார். இன்றைக்கு வெள்ளோட்டம். ஆதாரமில்லாமல் ஒரு வார்த்தை சொன்னாலும் வேலை கிடையாது என்று காப்பாட்சியர் காலையிலேயே கறாராகச் சொல்லியாயிற்று. வீட்டிலோ, மனைவியின் சமையலுக்கு மார்க் போட்டுப் போட்டு, அடுப்படிப் பக்கமே வரக்கூடாது என்று தடை வாங்கியிருந்தார். இந்த வேலையும் போனால் அவர் பேச்சைக் கேட்கச் சுவர்தான் மிச்சம்.

அதுவரை நங்கூரம், திசைகாட்டி, கலங்கரை விளக்கின் கண்ணாடி எல்லாவற்றையும் அச்சுப் பிசகாமல் விளக்கினார். கடலைப் பார்த்ததும்தான் வாய் அவிழ்த்துக்கொண்டது.

"என்னங்க, போதும்." கூட்டத்தோடு வந்திருந்த மனைவி பின்னாலிருந்து சட்டையை இழுத்தாள்.

"நீ சும்மா இரும்மா. கேளுங்க! கப்பல்ல சேர்ந்து அன்னிக்கு மூணாவது நாள். கப்பல் இதோ, இந்தக் கோட்டைக்கு முன்னாலதான் நங்கூரம் போட்டிருந்துச்சு. போர்வையை அலசினேன், காயப்போட இடமில்லை. கொடிமரத்துல ஒரு கயிறு சும்மா தொங்குச்சு. கட்டி ஏத்திட்டேன். செக்கச்செவேல்னு சிவப்புப் போர்வை!"

"ஏத்தினா என்ன?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"சிவப்பு ஏத்தினா, 'கப்பல்ல வெடிமருந்து இருக்கு'ன்னு அர்த்தமாம். வெங்காயம் உரிக்க வந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு, அடுப்புல வெச்ச அண்டா தீய்ஞ்சு, புகை வானத்தை முட்டுது! மேலே சிவப்பு, கீழே கறுப்பு. கோட்டையில அபாய மணி அடிச்சுச்சு பாருங்க! எண்ணூறு பேர் பின்னங்கால் பிடரியில பட ஓடினாங்க!"

"போன மாசம் நானூறுன்னீங்க," என்றாள் மனைவி.

"இப்ப அவங்க குடும்பத்தையும் சேர்த்துச் சொல்றேம்மா."

கூட்டம் மறுபடி சிரித்தது. காப்பாட்சியர் முன்னால் வந்தார்.

"சார், அந்த வருஷப் பதிவேட்டைக் கரையான் தின்னுடுச்சு. சாட்சி யாராவது உண்டா?"

சமையல்காரர் தலையைச் சொறிந்தார். காப்பாட்சியர் அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"அம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க இதே கோட்டையில, துறைமுக ஆபீஸ்ல டெலிபோன் ஆபரேட்டரா இருந்ததா சார் சொன்னாரே. அந்த வருஷம் இருந்தீங்களா?"

"இருந்தேன். நாற்பது வருஷமா இவர்கிட்ட அதைத்தானே சொல்றேன்? நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். மணியும் அடிக்கல, எலியும் ஓடல."

காப்பாட்சியர் கையை நீட்டினார். சமையல்காரர் சட்டையில் குத்தியிருந்த வழிகாட்டி வில்லையைக் கழற்றினார்.

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்," என்றார் மெதுவாக. "நானே ஊதி ஊதிப் பெரிசாக்கினதுல, எது நடந்தது, எது நடக்காததுன்னு எனக்கே குழம்பிப்போச்சு."

வாக்குவாதம் இல்லை, வீராப்பு இல்லை. மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். இந்த மனிதரின் வாய் ஓய்ந்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

"அதைக் கொடுக்காதீங்க," என்றாள். "மேடம், நடந்துச்சு. எண்ணூறு இல்லை, அறுபது பேர். ஆனா நடந்தது நிஜம்."

சமையல்காரர் வாயைப் பிளந்தார்.

"அப்புறம் ஏம்மா இத்தனை வருஷம் இல்லைன்னு சாதிச்சீங்க?" என்றார் காப்பாட்சியர்.

அவள் புடவைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டாள்.

"ஜன்னல் வழியா பார்த்துட்டு அந்த மணியை அடிச்சதே நான்தான். செருப்பைக்கூட மாட்டாம எல்லாருக்கும் முன்னாடி ஓடினதும் நான்தான். இவர்கிட்ட சொல்லியிருந்தா, என்னை நிம்மதியா குடும்பம் நடத்த விட்டிருப்பாரா மேடம்?"