ரெய்னம் சதுப்பில் ஒரு காவலரண்

"அப்பா, நீங்கள் உள்ளுக்கு வரத் தேவையில்லை. வாசலில நிண்டால் போதும்."

சொல்லிவிட்டு ஜதுர்ஷிகா டோர்ச்சுடன் குனிந்து உள்ளே போனாள்.

குளிர்காலத்தில் உறங்கும் வௌவால்களைக் கணக்கெடுப்பது அவள் வேலை. தனியாகப் போகக் கூடாது என்பது விதி. கூட வரவேண்டியவளுக்குக் காய்ச்சல். குகநாதனுக்கு அன்று பஸ் ஓட்டும் ஷிப்ட் இல்லை. "நான் வாறன்" என்று அவரே சொல்லித்தான் மகளுடன் வந்திருந்தார்.

லண்டனின் கிழக்கு ஓரத்தில் சதுப்பு தட்டையாகக் கிடந்தது. எப்போதோ தண்ணீரை வடித்து மேய்ச்சல் நிலமாக்கிய இடம். வாய்க்கால்கள், உறைபனி, தூரத்தில் தேம்ஸின் அணை.

நடுவில் பெட்டி போல இந்தக் கொங்கிறீட் காவலரண். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மன்காரன் ஆற்றால் வந்துவிடுவான் என்று பயந்து கட்டியது. அவன் வரவில்லை. இதற்குள்ளிருந்து யாரும் யாரையும் சுடவில்லை.

அப்பாவுக்கு அடைத்த இடங்கள் ஏலாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். லிஃப்டில் ஏற மாட்டார். படுக்கையறைக் கதவைச் சாத்த விடமாட்டார்.

"ஊரில பங்கருக்குள்ள கிடந்து செல்லடிக்குத் தப்பின மனுசன்" என்று அம்மா சொல்லியிருந்தாள். பதினைந்து வயதில் ஜதுர்ஷிகா அந்தப் பதுங்குகுழிக் கதையைக் கட்டுரையாக எழுதிப் பள்ளிக்கூடத்தில் பரிசும் வாங்கினாள்.

அப்பாவிடம் அவள் எதையும் கேட்டதில்லை.

கூரை வெடிப்பில் மூன்று வௌவால்கள் தொங்கின. குறித்துக்கொண்டு திரும்பினாள். குகநாதன் உள்ளே நின்றார்.

அவர் நடுங்கவில்லை. சுவரில் இருந்த சுடும் துவாரங்கள் ஒவ்வொன்றாலும் குனிந்து வெளியே பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"பிழையாக் கட்டியிருக்கிறாங்கள்" என்றார். "முன்னுக்கு எல்லாம் தெரியுது. பின்பக்கம் வாய்க்காலுக்குள்ளால ஒருத்தன் தவண்டு வந்தால் தெரியாது. இந்த வாசலால ஒரு குண்டு எறிஞ்சால் காணும்."

எந்த பஸ் எந்தத் தரிப்பில் நிற்கும் என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

அவள் அவர் கையைப் பிடித்தாள். "இப்பிடி ஒண்டுக்குள்ளதானே அப்பா நீங்கள் இருந்தனீங்கள்?"

"இல்லைப் பிள்ளை. நான் வெளியில நிண்டனான்."



"உள்ளுக்கு ஆமியா?"

"மற்ற இயக்கம். எங்கடை பெடியள்தான். எண்பத்தாறாம் ஆண்டு. எனக்குப் பத்தொன்பது வயது."

இலங்கை ராணுவத்தோடு சண்டை பிடித்த தமிழ் இயக்கங்கள் தங்களுக்குள்ளும் சுட்டுக்கொண்ட காலம் ஒன்று இருந்ததாக அவள் எங்கோ வாசித்திருந்தாள். நினைவுக் கூட்டங்களில் யாரும் அதைப் பேசிக் கேட்டதில்லை.

"வெளியில வாங்கோடா எண்டு கத்தினன். என்ரை குரலை மட்டுக்கட்டி ஒருத்தன் உள்ளுக்கிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டான். 'மச்சான் குகன், எறியாதை, நான் வாறன்' எண்டான். பள்ளிக்கூடத்தில ஒரே வாங்கில இருந்தனாங்கள்."

"வந்தவரா?"

வெளியே வாத்துகள் இரைந்துகொண்டு எழும்பிப் போயின.

"வர விட்டிருக்கலாம்" என்றார் கடைசியில். "பொறுப்பாளர் பக்கத்தில நிண்டவர். நான் பொறுக்கேல்லை."

அவள் கை தானாக விலகியது. விலகியதை அவர் பார்த்தார். பார்க்காதவர் போல மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அவரின்ரை பேர் என்ன?"

இரண்டாவது தடவை கேட்டபோதுதான் சொன்னார்.

"ஆரணன்."

அன்று காலை ஃபாரஸ்ட் கேட் வீட்டில், நேரமாகிறது என்று மாடிப்படியின் கீழே நின்று, அதே பெயரைச் சொல்லித்தான் அவர் அவளுடைய தம்பியை எழுப்பினார்.