பசியில்லாத ஈ

ஈ முழங்காலுக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. எஸாமா அடிக்கவில்லை.

சிறகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடக்கிக்கொண்டு, சாவகாசமாக ஊசியை இறக்கியது. சுரீர் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தான்.

“என்னய்யா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி காலைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்க?” என்றான் படகுக்காரன்.

அவன் கேட்டதிலும் தப்பில்லை. எஸாமாவின் வேலையே இந்த ஈயை ஒழிப்பதுதான். செட்சி ஈக்கு நீல நிறம் என்றால் போதும், தேடி வந்து முட்டும். தன் ஊர்ப்பக்கக் கரை நெடுக, ஐம்பது மீட்டருக்கு ஒன்றாக, மருந்து தோய்த்த நீலத் துணிகளைக் குச்சியில் கட்டி நட்டவன் அவன். வெள்ளம் அடித்துப்போனால் மறுபடி நட்டான். ஏழு வருஷம். இந்த ஈ கடித்துப் பரப்பும் தூக்க நோயை ஊரைவிட்டே விரட்டியவன் என்று பாதிரியார் சர்ச்சில் எழுப்பி நிறுத்திக் கைதட்ட வைத்தார்.

அப்பேர்ப்பட்டவன் இன்று நீலக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, துணியே நடாத காங்கோ கரைக்குப் படகேறி வந்து, ஒரு காலை மட்டும் சுருட்டிவிட்டு, வா ராசா வந்து கடி என்று உட்கார்ந்திருக்கிறான்.

எல்லாம் லெட்டாருவுக்காக. அவன் மனைவி.

சர்ச் பாட்டுக் குழுவில் முதல் குரல் அவளுடையது. மூன்று மாதமாகப் பாட்டின் நடுவிலேயே தலை தொங்கிவிடுகிறது. ராத்திரியானால் பொட்டுத் தூக்கமில்லை, வாசலைப் பெருக்குகிறாள். பின்கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. வருஷக்கணக்கில் உடம்புக்குள் பதுங்கிக் கிடந்து தலைகாட்டும் தூக்க நோயின் அடையாளங்கள். நேற்று மரவள்ளிக் களி கிண்டும்போது கண் சொருகி, கை கொதிக்கிற பானைக்குள் போய்விட்டது. அவள் கொஞ்சம் பொறுத்துத்தான் கத்தினாள். அந்தக் கொஞ்ச நேரத்தை எண்ணித்தான் எஸாமா இன்று படகேறினான்.

டவுன் ஆஸ்பத்திரி என்று அவன் வாயைத் திறந்தாலே போதும், அவள் கேட்பாள்:

“எங்க அக்காவைக் கூட்டிட்டுப் போனீங்களே, கூட்டிட்டு வந்தீங்களா?”

அக்காவுக்குப் போட்டது பழைய ஊசி, நரம்பெல்லாம் தீயாக எரியும், பிழைத்தால் உண்டு. இப்போது வெறும் மாத்திரைதான் என்று அவன் பைபிள் மேல் சத்தியம் செய்து பார்த்துவிட்டான். அவள் அசையவில்லை.

ரத்தப் பரிசோதனைக் குழு ஊருக்கே வந்தால் கதை வேறு. மாமரத்தடியில் மேசை போடுவார்கள். ஊரே வரிசையில் நின்று விரலை நீட்டும். எல்லோரும் பார்க்கும்போது பின்வாங்குகிற ஆள் இல்லை லெட்டாரு.

ஆனால் குழு வராது. போன மாதம், லெட்டாருவின் பேரைச் சொன்னால் அவளை டவுனுக்கே இழுத்துப் போய்விடுவார்கள் என்று பயந்து, மேற்பார்வையாளர் அசியான்ஸுவிடம் பட்டும் படாமல் கேட்டான். “ஈ இல்லாத ஊருக்கு எதுக்குய்யா டீம்? மூணு வருஷமா உன் பொறியில பூஜ்யம். சந்தோஷமா இரு” என்று சிரித்தாள். பொறியில் விழும் ஈக்களை எண்ணி அந்தப் பூஜ்யத்தையெல்லாம் எழுதியவன் அவன்தான். யாரை நோவது?

ஈயின் வயிறு சிவந்து உப்பியது. குடித்து முடித்த ஈ மந்தமாக இருக்கும், சிறகு கசங்காமல் பிடித்துவிடலாம். சின்னப் புட்டியைக் கவிழ்த்து மூடினான்.

அக்கரை ஈ. அது முன்னே யாரைக் கடித்துவிட்டு வந்ததோ அவனுக்குத் தெரியாது. அதை யோசிக்க வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தான்.

இக்கரைக்கு வந்ததும் ஓட்டமும் நடையுமாக ஒன்பதாம் நம்பர் பொறிக்குப் போனான். கூடாரம் மாதிரி நீலத் துணி, உச்சியில் பிளாஸ்டிக் கூண்டு. ஈயை அதற்குள் விட்டு மூடியைத் திருகி முடிக்கவும், மேட்டில் அசியான்ஸுவின் பைக் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

இல்லாத ஒரே ஒரு ஈயைக் கூட்டி எழுதியதற்காக ஒருவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவள் அவள்.

“மேடம், இன்னைக்கு ஒண்ணு விழுந்திருக்கு” என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை.

அவள் முகம் மாறியது. கூண்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். பையிலிருந்து கண்ணாடி லென்ஸை எடுத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“எஸாமா, பொறிக்குள்ள எந்த மாதிரி ஈ வரும்?”

புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே அவன் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. பசியோடு அலைகிற ஈதான் பொறிக்கு வரும். வயிறு ஒட்டிக்கிடக்கும். குடித்து முடித்தது நகராமல் ஏதாவது இலையடியில் கிடக்கும்.

கூண்டுக்குள் இருந்தது திராட்சைப் பழம் மாதிரி இருந்தது.

அவள் பார்வை கூண்டிலிருந்து இறங்கியது. ஒரு கால்சட்டைக் கால் இன்னும் சுருட்டியபடியே இருந்தது. முழங்காலுக்குக் கீழே தடித்துச் சிவந்திருந்தது. அவன் அந்தக் காலை மற்றக் காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

அவள் நோட்டை விரித்தாள். அவன் வேலை போனதென்றே நினைத்தான். போனால் போகட்டும், லெட்டாருவுக்கு இனி என்ன வழி?

ஒன்பதாம் நம்பருக்கு நேரே அவள் ‘ஒன்று’ என்று எழுதினாள். தேதி போட்டாள். கையெழுத்தும் போட்டாள்.

நோட்டைப் பையில் வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

“வீட்ல தூங்குறது யாரு?”