இடது இடுப்பு

மாஸ்டரின் மனைவிக்கும் மகளுக்கும் வகுப்புப் பெண்கள் வைத்திருந்த பட்டப்பெயர், ராணியும் இளவரசியும்.

வணக்கம் சொன்னால் ராணி தலையசைப்பதோடு சரி. இளவரசியிடம் அதுவும் கிடையாது. பின்னாலிருந்து கூப்பிட்டால் பாதி நேரம் திரும்ப மாட்டாள். பத்து வயதுக்கு அத்தனை மிதப்பு.

"மாஸ்டர் தங்கமான மனுஷன். வாய்ச்சதுதான் இப்படி" என்பாள் வகுப்புக்கு வரும் பல் டாக்டர்.

பாப்பாம்மா இந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை. கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டே படியேறி வருவதால் அவளுக்கு அந்தப் பெயர். குழந்தையை வீட்டில் விட்டு வர ஆள் இல்லாமல் இல்லை. அந்த ஆள் மேல்தான் நம்பிக்கை இல்லை.

போன மாதம் அவளை நோக்கி ஓங்கிய கை, குழந்தையின் தோளை உரசிக்கொண்டு போனது. மறுநாள்தான் இந்த மாடியின் பலகை கண்ணில் பட்டது. பெண்களுக்குத் தற்காப்பு, ஜப்பானின் ஒக்கினாவா முறை. வீட்டில் யோகா என்று சொல்லி வைத்திருந்தாள்.

வகுப்பு நேரத்தில் குழந்தை ஆபீஸ் அறையில், ராணியின் மடியில் இருக்கும். முதல் நாள் குழந்தையை வாங்கிக்கொண்டபோதே ராணி, இதையெல்லாம் கற்றுக்கொண்டு என்ன செய்யப் போகிறாய், உனக்கு அம்மா வீடு இல்லையா என்று கேட்டாள். சுருக்கென்றது. அனுசரித்துப் போ என்று அம்மா வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டதை இவளிடம் போய்ச் சொல்வானேன்?

ஆயுதத்துக்குப் பெயர் டோன்ஃபா. முழங்கை நீளத்துக்கு ஒரு கட்டை, பக்கவாட்டில் ஒரு பிடி. பிடியைப் பற்றினால் கட்டை முன்கையோடு கவசம்போல ஒட்டிக்கொள்ளும். அடிக்கப் பிறகு கற்கலாம், முதலில் தடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பார் மாஸ்டர்.

"எதிராளி பெரும்பாலும் வலக்கைக்காரனா இருப்பான். அப்ப அடி உங்களுக்கு இடது பக்கம் வரும். இடது கை மேல போகட்டும்."

துணி சுற்றிய கம்பை அவர் வீசிக்கொண்டே வருவார். பல் டாக்டர் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். மற்றவர்களுக்குக் கம்பு வந்து பட்ட பிறகுதான் கை எழும். பாப்பாம்மாவுக்கு மட்டும் கம்பு கிளம்பும் முன்பே கை எழுந்து நிற்கும்.

"பாருங்க, நீங்கல்லாம் கம்பைப் பாக்கறீங்க. இவங்க என் தோளைப் பாக்கறாங்க. வருஷக்கணக்குல பழகினாத்தான் இது வரும். எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"ஸ்கூல்ல த்ரோபால் ஆடுவேன் சார்."

கல்யாணமான நாளிலிருந்து பழகியது என்று எப்படிச் சொல்வது?

வீட்டில் யாருக்காவது தொந்தரவு என்றால் தயங்காமல் தன்னிடம் சொல்லும்படி மாஸ்டர் அடிக்கடி சொல்வார். அண்ணன் மாதிரி வந்து பேசுகிறேன் என்பார். அந்த அண்ணன் என்ற சொல், உடன்பிறந்தான் இல்லாத அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இன்று வகுப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று வந்திருந்தாள். கொஞ்சம் பேச வேண்டும் என்று வந்ததுமே அவரிடம் சொல்லியும் வைத்தாள். இவரையும் விட்டால் வேறு யாரும் இல்லை.

அன்றைக்குப் பார்த்து ஜோடிக்கு ஒரு ஆள் குறைந்தது. மாஸ்டர் மனைவியைக் கூப்பிட்டார்.

"வேண்டாங்க" என்றாள் ராணி.

"சும்மா வா."

குழந்தையை மகள் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வந்தவள், டோன்ஃபாவைத் தலைகீழாகப் பிடித்தாள். அவர் சிரித்தபடி அதைத் திருப்பிக் கையில் வைத்தார். "இப்படிப் பிடிக்கணும் தாயே." எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே கம்பை வீசினார்.

அவள் கை முன்னமே மேலே இருந்தது. கண் இமைக்கவில்லை. முகம் மட்டும் லேசாக வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. இன்னும் வேகமாக வீசினார். அதற்கும் முன்னால் கை.

"அடேயப்பா. வீட்டுலயே தனி ட்யூஷனா மாஸ்டர்?" என்றாள் பல் டாக்டர்.

"நானா? சத்தியமா ஒண்ணும் சொல்லிக்கொடுத்ததில்ல. இன்னிக்குத்தான் இதைக் கையால தொடறா."

கைதட்டல் கூரையைத் தொட்டது. பாப்பாம்மாவுக்குக் கை எழவில்லை. அவள் ராணியின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை மாஸ்டரின் தோளை விட்டு நகரவே இல்லை.

வகுப்பு முடிந்தது. மாஸ்டர் வியர்வையைத் துடைத்தபடி வந்து, ஏதோ பேச வேண்டும் என்றீர்களே என்று கேட்டார். முகத்தில் அதே அண்ணன் சிரிப்பு.

"ஒண்ணுமில்ல சார்."

ஆபீஸ் அறைக்கு நடந்தாள். இனி எந்த மாடியேறி, யாரிடம் போய்ச் சொல்வது? குழந்தையை வாங்கி வழக்கம்போல இடது இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஜன்னலோரம் இளவரசி முதுகு காட்டி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். வருகிறேன் என்று சொன்னதற்குத் திரும்பவில்லை.

ராணி எழுந்து வந்தாள். வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு குழந்தையைத் தூக்கி, பாப்பாம்மாவின் வலது இடுப்புக்கு மாற்றி உட்கார வைத்தாள்.

"இனிமே இந்தப் பக்கமே வச்சுக்கோ. இடது கை காலியா இருக்கட்டும்."

பாப்பாம்மா குழந்தையை வலக்கையால் அணைத்துக்கொண்டாள்.

"நான் இவளை இடது இடுப்புலதான் வச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள் ராணி, மகளின் முதுகைப் பார்த்தபடி. "திமிர் இல்லம்மா. அவளுக்கு அந்தப் பக்கக் காது கேக்காது."