மூன்றாவது பிளக்

"மறுபடியும் அதே மூணாவதுணா."

விஜயகுமார் ஆம்னி வேனின் முன்சீட்டைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். அதற்குக் கீழேதான் இஞ்சின். அது விக்கி விக்கி ஓடியது. சீட்டும் அவன் கையும் சேர்ந்து குலுங்கின.

மெக்கானிக் சாலமன் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"மூணு சிலிண்டர்ல ரெண்டுதான் அடிக்குது."

"அது எனக்கே தெரியுதுணா. பத்து நாள்ல இது நாலாவது தடவை. மொத தடவை பிளக் கருகிப்போச்சுன்னீங்க. பழைய பிளக், ஒத்துக்கிட்டேன். அடுத்த தடவை புது பிளக். அதுக்கு அடுத்தது அதைவிடப் புதுசு. எப்படிணா?"

"பேசாம சீட்டைப் பிடிப்பா."

"இன்னிக்குக் கூனிமேட்டுல நின்னுபோச்சு. பசங்களே எறங்கித் தள்ளிக்கிட்டு வந்தாங்க. எல்லாம் ரெண்டாங் கிளாஸ். ஸ்கூல் கேட்லயே ஹெட்மிஸ்ட்ரஸ் மதர் நிக்கிறாங்க. நாளைக்கும் லேட்டுன்னா வேற வண்டி பாத்துக்குவோம்னுட்டாங்க. இந்த ட்ரிப் போச்சுன்னா நான் மறுபடியும் லாரிக்கு உப்பு மூட்டைதான் தூக்கணும்."

சாலமன் ஓடிக்கொண்டிருந்த இஞ்சினில் முதல் பிளக்கின் ஒயரைப் பிடுங்கினார். வண்டி செத்துவிடப் போவதுபோல் உதறியது. மாட்டினார். இரண்டாவதைப் பிடுங்கினார். அதே உதறல். மூன்றாவதைப் பிடுங்கினார். ஒரு மாற்றமும் இல்லை.

"இது இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

"என்னைப் பத்தி மதர் சொன்னதும் அதேதாணா."

விஜயகுமாரின் மனைவி ரேகா டீ கொண்டுவந்தாள். அப்போதுதான் உப்பளத்து வேலையிலிருந்து திரும்பியிருந்தாள். கணுக்கால் வரை உப்பு வெளுத்திருந்தது.

"எங்கணா நோவு?"

"இதோ பாரும்மா. இந்த எடம். மூணாவது." சாலமன் விரல் வைத்துக் காட்டினார்.

அவள் குனிந்து நன்றாகப் பார்த்துக்கொண்டாள். "போன தடவை காட்டின எடமேதான்."

"அதேதான்."

சாலமன் வண்டியை அணைத்துவிட்டு இரண்டாவது பிளக்கையும் மூன்றாவதையும் இடம் மாற்றினார். கிளப்பினார். அப்போதும் மூன்றாவதுதான் அடிக்கவில்லை.

"பிளக் மேல தப்பில்ல."

மறுபடி அணைத்து, மூன்றாவது ஒயரின் ரப்பர் மூடியைப் புரட்டினார். உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உடனே துப்பினார்.

"உப்பு. கடல் காத்து பண்ற வேலை."

"கடல் காத்து மூணாவதை மட்டும் தேடி வந்து வீசுமாணா?"

சாலமன் மூடியை மறுபடி புரட்டிப் பார்த்தார். டீயை எடுத்தார். வைத்தார்.

"ஏம்பா, உனக்கு வேண்டாதவன் யாராவது...?"

"தனகோடி இருக்கானே. அவனும் வேன் வெச்சிருக்கான், இந்த ட்ரிப்பைக் கேட்டுக்கிட்டே இருக்கான். ஆனா கொட்டாய்க்கு நான் பூட்டு போடறேன். சாவி வீட்டுக்குள்ள இருக்குது. வண்டி மேல தார்ப்பாய் வேற. அவன் எந்த வழியா வருவான்?"

"அதான் எனக்கும் புரியல."

முப்பது வருடமாக இந்தக் கரையில் வண்டி பார்க்கிறவர் அவர். இறால் லாரியிலிருந்து கலெக்டர் ஜீப் வரை பார்த்திருக்கிறார். ஒரே வண்டி ஒரே இடத்தில் நான்கு தடவை அவரை அவமானப்படுத்தியதில்லை.

ஒயரை மாற்றினார். புது பிளக் போட்டார். சுற்றிலும் துடைத்து, மூடியின் விளிம்பில் கிரீஸ் தடவினார். சாவியைத் திருப்பினார். விக்கல் இல்லை. மூன்றும் சீராக அடித்தன. டேஷ்போர்டில் இருந்த டீ தம்ளர் அசையவில்லை.

சாலமன் வண்டியின் நெற்றியில் தட்டிக்கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்ததும் செய்வதுதான்.

"கேட்டியா சத்தத்தை? மரக்காணத்துல ஒரு வண்டிக்கும் இப்படி இஞ்சின் கிடையாது. ராஜாப்பா இது, ராஜா! கீழ்புத்துப்பட்டு வரைக்கும் நிக்காம..."

"டீ ஆறுதுணா," என்றாள் ரேகா சட்டென்று.

"என்ன அழகு பாரும்மா! நேத்து கம்பெனியிலேருந்து வந்தது மாதிரி..."

"குடிங்கணா முதல்ல."

தம்ளரை அவர் கையில் திணித்துவிட்டு அவள் வேகமாக உள்ளே போய்விட்டாள்.

"கோச்சுக்காதீங்கணா," என்றான் விஜயகுமார். "வண்டின்னா அவளுக்கு உசுரு. பத்து நாளா அவளும் தூங்கல."

அவன் வேனைக் கொட்டாய்க்குள் விட்டான். நாளைக்குக் கட்டாயம் வந்துவிடுவேன் என்று மதரிடம் நேரில் சொல்லிவிட்டு வர சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். சாலமனும் மொபெட்டில் புறப்பட்டார்.

பஸ் ஸ்டாண்டு வரை போனவருக்கு பிளக் ஸ்பேனரை விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பினார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

கொட்டாய் திறந்திருந்தது. தார்ப்பாய் விலகியிருந்தது. வேனின் முன்சீட்டு தூக்கியிருந்தது. உள்ளே யாரோ குனிந்து நிற்பது தெரிந்தது.

'சிக்கினான் தனகோடி' என்று சாலமன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓசைப்படாமல் நெருங்கினார்.

ரேகா ஒரு சொம்பை மூன்றாவது பிளக்கின் மேல் மெதுவாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். காலிச் சொம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"தப்பா நெனைக்காதீங்கணா. ஒவ்வொரு தடவையும் நீங்க ராஜா, ராஜான்னு சொல்லிட்டுப் போறீங்க, மறுநாளே வண்டி படுத்துக்குது. அதான் உப்பைச் சுத்திக் கரைச்சு, நீங்க காட்டின எடத்துலயே ஊத்திடறேன். அளத்து உப்புணா... கடை உப்பெல்லாம் உங்க கண்ணுக்குக் கேக்காது."